குறிப்பலகையும் கைப்பழக்கமும்

வன்னி நிலத்தின் பழைய கமக்காரக் கிராமங்களிலே ‘துப்பாக்கி’ என்னும் சொல்லைக் காட்டிலும் ‘துவக்கு’ என்னும் சொல்லே பெருவழக்குடையது. கண்டி வீதியில் வவுனியாவுக்கு வடக்கே அமைந்த ஓமந்தையையும் அதனைச் சூழ்ந்த குளக்கரை ஊர்களையும் எடுத்துக்கொண்டால், அங்கே துவக்கு என்பது மண்வெட்டி, கோடரி, கத்தி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட ஒரு கருவியாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. பயிர் கதிர் தள்ளும் பருவத்தில் பன்றியையும் யானையையும் விரட்டுவதற்குக் காவற் பரணிலே அது துணைநின்றது. கரிமருந்தும் சன்னமும் இட்டுக் குழல்வாயால் இடித்து நிரப்பும் ‘இடியன்’, பின்னர் வந்த தோட்டாத் துவக்கு, விலங்கு வரும் தடத்திலே பொறியாகப் பிணைக்கப்படும் ‘கட்டுத்துவக்கு’ என்றெல்லாம் அதற்குப் பல வகைகள் உண்டு. தந்தையிடமோ மாமனிடமோ மகன் அதனைப் பழகினான். மரக்கவட்டிலே குழலைத் தாங்கவைத்து, மூச்சை அடக்கி, வெளிச்சம் குன்றிய நேரத்தில் விலங்கின் தோளை நோக்கும் வித்தை அது. மருந்தும் சன்னமும் காசுகொடுத்துப் பெறுவனவாதலின், பழகுவதற்கென்றே சுட்டுத் தீர்க்கும் வழக்கம் எவர்க்கும் இருந்ததில்லை. முதலில் விழும் வெடியே பயனுள்ள வெடியாக இருத்தல் வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இலங்கையிலே துவக்கு வைத்திருப்போரை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியபோதும், கமக்காரனுக்கும் துவக்குக்கும் இடையிலிருந்த இவ்வுறவு அறுந்துவிடவில்லை.

கைத்துப்பாக்கியின் வரலாறு இதனோடு சேர்வதன்று. குறுங்குழலையுடைய அச்சிறு கருவியால் வயலிலே பெறத்தக்க பயன் ஏதுமில்லை. பன்றி அஞ்சாது, யானைக்கு அது தைத்த முள்ளுக்கும் ஈடாகாது. சட்டைப்பைக்குள்ளே மறைத்துக் கொண்டுசெல்லத்தக்கது என்பதும், கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் மனிதன்மீது பயன்படுத்தத்தக்கது என்பதுமே அதன் தனித்தன்மைகள். ஆகவே ஒருவன் கைத்துப்பாக்கி பழகினான் என்ற செய்தி, அவன் துவக்குப் பழகினான் என்ற செய்தியின் குறுகிய வடிவமாகாது. வரலாற்று நூல்கள் வெடித்த குண்டைப் பற்றி எழுதுகின்றன. சுட்டவன் யார், வீழ்ந்தவன் யார், பின்விளைவு யாது என ஆராய்கின்றன. அவ்வொரு கணத்துக்கு முன்னே நிகழ்ந்த வாரங்களையும் மாதங்களையும், அதாவது பயிற்சியை, ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. அப்பயிற்சி உண்மையில் எதனைக் கற்பித்தது என்னும் வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டிதழிலே இப்பொருள் இடம்பெறுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். ‘குளத்தங்கரை அரசமரம்’ என்னும் கதையால் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாக நாம் பாடங்கேட்டறிந்த வ. வே. சு. ஐயர்தாம் இவ்வரலாற்றின் நடுவிலே நிற்பவர் என்பதைச் சொன்னால் அவ்வையம் நீங்கும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881ஆம் ஆண்டு பிறந்த ஐயர், வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கி, இரங்கூன் சென்று, பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்குடன் 1907ஆம் ஆண்டு இலண்டன் சேர்ந்தார். அங்கே ஹைகேற் பகுதியில் சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் நிறுவிய ‘இந்தியா இல்லம்’ இந்திய மாணவர்க்கு உறைவிடமாகவும் அரசியற் பாசறையாகவும் இருந்தது. விநாயக் சாவர்க்கர் அதன் உயிர்நாடி. பிற்காலத்தில் சென்னை மாகாண அமைச்சராக விளங்கிய தி. சே. சௌ. ராஜனும் அக்காலத்தே அங்கு வாழ்ந்த தமிழர்களுள் ஒருவர். ஐயர் மிக விரைவில் சாவர்க்கரின் நெருங்கிய துணைவரானார்.

இந்தியாவிலே 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நடைமுறையிலிருந்தது. இந்தியர் எவரும் உரிமம் இன்றி ஆயுதம் தாங்குதல் குற்றம்; ஐரோப்பியர்க்கோ விலக்கு உண்டு. ஆனால் அதே பேரரசின் தலைநகரில் நிலைமை வேறு. 1903ஆம் ஆண்டின் கைத்துப்பாக்கிச் சட்டப்படி பத்துச் சிலிங் கட்டி அஞ்சல் நிலையத்திலே ஓர் உரிமச்சீட்டுப் பெற்றவர் கடையில் துப்பாக்கி வாங்கலாம். வாங்கியதைப் பழகுதற்குக் கட்டணச் சுடுகூடங்களும் இருந்தன. ஆங்கிலேயரிடையே குறிசுடுதல் அந்நாளில் தேசியப் பொழுதுபோக்கு. 1859இல் தொடங்கிய தொண்டர் படை இயக்கமும், அதே ஆண்டில் தோன்றிய தேசிய ரைபிள் சங்கமும், 1890 முதல் பிஸ்லியில் நடந்த ஆண்டுப் போட்டிகளும் அதனை வளர்த்தன. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவிலும் கைத்துப்பாக்கிப் போட்டி இடம்பெற்றது. திருநெல்வேலியிலோ நாசிக்கிலோ துப்பாக்கியைத் தொட்டால் சிறை செல்லக்கூடிய இளைஞன், இலண்டனில் காசு கொடுத்துக் கற்கக்கூடியதாயிருந்தது. பேரரசு தன் குடிகளுக்குத் தடுத்த வித்தையைத் தன் வாசலிலேயே விலைக்கு விற்றது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

டொட்டன்ஹாம் கோர்ட் வீதியின் 92ஆம் இலக்கக் கட்டடத்திலே ஹென்றி ஸ்டான்ரன் மோர்லி என்பவர் அத்தகைய சுடுகூடமொன்றை நடத்திவந்தார். இந்தியா இல்லத்தைச் சார்ந்தோர் அங்கு சென்று பழகினர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே பொறியியல் பயின்ற பஞ்சாப் இளைஞர் மதன்லால் டிங்ரா அவர்களுள் ஒருவர். அவர் 1909ஆம் ஆண்டு யூலை 1ஆம் நாள் இரவு, இம்பீரியல் இன்ஸ்ரிரியூற் மண்டபத்தில் சேர் கர்சன் வைலியைச் சுட்டுக்கொன்றார். அதன் பின்னர் பழைய பெய்லி நீதிமன்றத்தில் நடந்த வழக்கிலே மோர்லி சாட்சியம் அளித்தார். அச்சாட்சியமே நம் ஆய்வுக்குக் கிடைத்த தெளிவான ஆவணம். டிங்ரா ஏறத்தாழ மூன்று மாதங்களாக வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்து பழகிவந்தார். கொலை நிகழ்ந்த அதே நாள் மாலை ஐந்தரை மணியளவிலும் வந்தார். பன்னிரண்டு முறை சுட்டார். பதினொன்று குறிப்பலகையிலே பட்டன. அந்தக் குறிப்பலகையும் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது.

இவ்விடத்திலே ஒரு சொல் விளக்கம் வேண்டற்பாலது. அக்காலப் பொலிஸ் அறிக்கைகளும் நம் தமிழ் நூல்களும் எல்லாச் சிறு துப்பாக்கிகளையும் ‘ரிவோல்வர்’ என்றே குறித்துவிடுகின்றன. ரிவோல்வர் என்பது சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியின் வழிவந்தது. ஐந்து அல்லது ஆறு அறைகளைக்கொண்ட உருளை, ஒவ்வொரு வெடிக்கும் ஒருமுறை நகர்ந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே நிறுத்தும். டிங்ரா பயன்படுத்தியதோ தானியங்கு கோல்ட் கைத்துப்பாக்கி; அதில் தோட்டாக்கள் பிடிக்குள்ளே அடுக்கப்பட்டிருக்கும். பொறியமைப்பிலே வேற்றுமை உண்டெனினும் பழகுவோன் கையைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

அக்கை எதனைப் பழகவேண்டியிருக்கின்றது? கைத்துப்பாக்கி சுடுதல் துவக்குச் சுடுதலினும் அரிது. துவக்கு தோளிலும் கன்னத்திலும் இரு கைகளிலுமாக நான்கிடத்தில் தாங்கப்பெறுகின்றது. கைத்துப்பாக்கியை மணிக்கட்டு ஒன்றே தாங்குகின்றது. மேலும் குழலின் முன்முனையிலுள்ள குறிமுளைக்கும் பின்னுள்ள வெட்டுக்கும் இடைத்தூரம் மிகச் சிறிது. அத்தூரம் 100 மில்லிமீற்றர் எனக் கொண்டால், முளை 1 மில்லிமீற்றர் விலகினும் 10 மீற்றர் தொலைவில் குண்டு 10 சென்ரிமீற்றர் விலகிப்போகும். இத்தனைக்கும் மேலாகப் பழகுவோனுக்கு எதிரியாவது அவனது உடம்பே. வெடியின் ஓசையையும் கையில் எழும் உதைப்பையும் எதிர்பார்த்து, விசையை அழுத்துவதற்குச் சற்று முன்னரே மணிக்கட்டுத் தானாகத் தாழ்ந்துவிடும்; கண் இமைத்துவிடும். சுடுகூட ஆசிரியர்கள் மாணவனுக்கு ஓயாமல் சொல்வது இதனைத்தான்: விசையை இழுக்காதே, மெல்ல அழுத்து, எப்போது வெடித்தது என்று உனக்கே தெரியாதிருக்கட்டும். வெற்றறையுடன் நூறுமுறை அழுத்திப் பழகுவதும் இதன்பொருட்டே. உடம்பின் இயல்பான மறுப்பை அடக்குதலே இவ்வித்தையின் பெரும்பகுதி எனலாம்.

இனி மோர்லியின் கணக்குக்குத் திரும்புவோம். பன்னிரண்டில் பதினொன்று என்பது செம்மையான தேர்ச்சிதான். ஆனால் அன்றிரவு அத்தேர்ச்சிக்கு என்ன தேவை இருந்தது? டிங்ரா வைலியோடு உரையாடுவார்போல அணுகி, முகத்துக்கு மிக அருகிலே சுட்டார். அத்தொலைவிலே வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டறியாதவனும் குறி தவறான். குறிபார்க்கும் திறனே வேண்டாத ஒரு செயலுக்காக ஒருவன் மூன்று மாதம் குறிபார்க்கப் பழகினான் என்றால், அப்பயிற்சி கண்ணுக்கு உரியதன்று, தயங்கும் கைக்கு உரியது என்றே நாம் கொள்ளவேண்டும். வாரத்தில் மூன்று முறை, முறைக்குப் பன்னிரண்டு வெடி என விசையை அழுத்தி அழுத்தி, அழுத்துதல் என்பது எண்ணமின்றி நிகழும் செயலாகிவிடுகின்றது.

சுடுகூடம் கற்பிக்க இயலாத ஒன்றும் அவ்விரவிலே புலப்பட்டது. வைலியைக் காப்பதற்கு முன்வந்த கவாஸ்ஜி லால்காக்கா என்னும் பார்சி மருத்துவரும் குண்டுபட்டு மாண்டார். குறிப்பலகைக்கு முன்னே எவரும் குறுக்கே வந்து விழுவதில்லை. டிங்ரா ஓகஸ்ட் 17ஆம் நாள் பென்ரன்வில் சிறையிலே தூக்கிலிடப்பட்டார். அவரைப் போற்றி எழுதுவோர் லால்காக்காவின் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். அது வரலாற்று நேர்மையாகாது.

ஒரு கிளைச்செய்தி. அதே 1909ஆம் ஆண்டில், அதே சுடுகூடத்தில், பெண்கள் வாக்குரிமை கோரிப் போராடிய இருவர் துப்பாக்கி பழகுகின்றனர் என்றும் பிரதமர் அஸ்குவித்தின் உயிருக்கு அதனால் ஆபத்து நேரலாம் என்றும் பொலிசாருக்குத் தகவல் கிடைத்தது. அக்கோப்பு 2006ஆம் ஆண்டிலேதான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. கொலை எதுவும் நிகழவில்லை. பயிற்சி பெற்றோர் அனைவரும் சுட்டுவிடுவதில்லை என்பதற்கும் அவ்வீதியே சான்று.

வைலி கொலையின் பத்தாம் நாள் காந்தியடிகள் இலண்டனை வந்தடைந்தார். இந்தியா இல்லத்தாருடன் உரையாடியும் வாதிட்டும் நான்கு மாதங்களைக் கழித்த அவர், நவம்பரிலே தென்னாபிரிக்காவுக்குத் திரும்பிய கப்பலில் ‘இந்து சுயராச்சியம்’ என்னும் நூலை எழுதினார். அந்நூலின் மறுதரப்பு அவ்விளைஞர்களே.

ஐயரின் வழி அப்போது அதுவன்று. 1910இல் சாவர்க்கர் கைதாகவே, ஐயர் மாறுவேடம் பூண்டு பாரிஸ் வழியாகத் தப்பி, அவ்வாண்டின் இறுதியில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியை அடைந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அங்கே முன்னரே அடைக்கலம் புகுந்திருந்தனர். பிரித்தானிய ஆயுதச் சட்டம் எட்டாத நிலமாகையால், இலண்டன் வீதியிலே காசுக்குக் கிடைத்த வசதி புதுச்சேரியின் ஒதுக்குப்புறத்திலே இலவசமாகக் கிடைத்தது. ஐயர் இளைஞர்க்குக் கைத்துப்பாக்கிப் பயிற்சி அளித்ததை 1918ஆம் ஆண்டின் ரௌலட் குழு அறிக்கையும் குறிக்கின்றது. பயிற்சி நிகழ்ந்த இடமாக நினைவுக் குறிப்புகளும் வாய்வழிச் செய்திகளும் சுட்டுவது கரடிக்குப்பம் என்னும் இடத்தை.

செங்கோட்டையிலே பிறந்து, திருவிதாங்கூரின் புனலூரில் வனத்துறைப் பணியிலிருந்த வாஞ்சிநாதன், 1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடுப்புப் பெற்றுப் புதுச்சேரி வந்தார். அவ்வாண்டு யூன் 17ஆம் நாள் காலை, மணியாச்சிச் சந்திப்பிலே நின்ற புகைவண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில், திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் தம் மனைவியுடன் அமர்ந்து, தூத்துக்குடியிலிருந்து வரும் கொழும்புத் தபால் வண்டியின் இணைப்பை எதிர்நோக்கியிருந்தார். அவ்வண்டி நம் தீவிலிருந்து கப்பலேறிச் சென்றோரையும் ஏற்றிவந்த வண்டி என்பது நமக்கு நினைவிருத்தல் நன்று. வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறி, பெல்ஜியத்திலே செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷைச் சுட்டார். பின்பு ஓடிச்சென்று கழிப்பறையிலே தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். இங்கும் தொலைவு கைக்கெட்டும் தொலைவே. கரடிக்குப்பத்திலே குறிப்பலகை நிறுத்தப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே கற்பிக்கப்பட்டது மணியாச்சியிலே பயன்பட்டது ஒருவகையில்தான்: கை மறுக்கவில்லை.

இலண்டனையும் கரடிக்குப்பத்தையும் அருகருகே வைத்து நோக்கும்போது வரலாற்று மாணவர்க்கு ஒரு வேற்றுமை புலனாகும். முன்னதற்குச் சுடுகூடக்காரரின் சத்தியவாக்கும் துளைபட்ட பலகையும் உள்ளன. பின்னதற்கு ஒற்றர் அறிக்கையும், நெடுங்காலம் கழித்து எழுந்த நினைவுகளும், புகழுரைகளுமே உள்ளன. புகழுரையிலே பயிற்சி எப்போதும் சிறப்பாகவே அமைந்துவிடும், குண்டுகள் வீணாவதில்லை, மாணவன் மணிக்கட்டு நடுங்குவதில்லை, ஆசிரியன் இரவிலே உறக்கமின்றிப் புரள்வதில்லை. ஆதலின் அவற்றை எச்சரிக்கையுடனேயே கையாளவேண்டும்.

ஐயரின் பிற்கால வாழ்க்கை இவ்வினாவுக்கு வேறொரு திசையிலிருந்து ஒளி தருகின்றது. முதல் உலகப்போர்க் காலத்திலே, நாடு கடத்தப்படலாம் என்னும் அச்சம் சூழ்ந்திருந்த புதுச்சேரியில், அவர் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார்; 1916இல் அது நூலாயிற்று. பெயர்ப்பாளன் எந்த அதிகாரத்தையும் தாண்டிச் செல்ல முடியாது. படைச்செருக்கைப் பெயர்த்த கையே கொல்லாமையையும் பெயர்த்தாக வேண்டும். மணியாச்சி நிகழ்ந்து ஐந்தாண்டுகள் கடவாத நிலையில், அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களையும் சொல் சொல்லாக நிறுத்து மொழிபெயர்த்த ஒருவரின் உள்ளத்தை நாம் கற்பனை செய்யத் தேவையில்லை. அவர் அதனைச் செய்தார் என்பதே போதிய செய்தி. போருக்குப் பின்னர் தமிழகம் திரும்பி, ‘தேசபக்தன்’ ஆசிரியராகி, மீண்டும் சிறைசென்று, பெல்லாரிச் சிறையிலே கம்பராமாயண ஆராய்ச்சியை எழுதினார். காந்தியடிகளின் அறவழியையும் ஏற்றுக்கொண்டார். சேரன்மாதேவிக் குருகுலத்திலே எழுந்த சமபந்திப் பிணக்கு அவர் புகழுக்கு நேர்ந்த மறு, அதனை மறைப்பதற்கில்லை. 1925 யூன் 3ஆம் நாள் பாபநாச அருவியிலே தம் மகளைக் காக்க முனைந்து உயிரிழந்தார். புதுச்சேரியில் தாம் கற்பித்த வித்தையைப் பின்னாளில் அவர் எவர்க்கும் கற்பிக்கவில்லை. எனினும் கற்பித்தவர் மனம் மாறியதனால் கற்றது மறைந்துபோவதில்லை. கரடிக்குப்பம் ஒரு கதையாக வாழ்ந்தது. வாஞ்சியின் பெயர் பாடப்புத்தகத்தில் ஏறியது. பின்வந்த தலைமுறையினர் அதனை வேறு நிலங்களிலே படித்தனர்.

அந்நிலங்களுள் ஒன்று வன்னி. 1975ஆம் ஆண்டு யூலை 27ஆம் நாள் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயில் முன்றிலிலே கைத்துப்பாக்கியாற் சுட்டுக்கொல்லப்பட்டார். வணங்க வந்த மனிதர். மிக அருகிலிருந்து விழுந்த வெடி. இலண்டனையும் மணியாச்சியையும் ஒத்த தொலைவு. அடுத்த ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் தமிழீழ விடுதலைப் புலிகள் அமைப்புத் தோன்றியது. வவுனியா நகரை ஒட்டிய பூந்தோட்டத்திலே பண்ணையொன்றில் அவ்வமைப்பின் தொடக்ககால ஆயுதப் பயிற்சி நிகழ்ந்தமை பின்னர் எழுதப்பட்ட நூல்களால் அறியப்படுகின்றது. நாற்புறமும் காடு, துவக்குச் சத்தம் பன்றிக்காவற் சத்தமாகவே எண்ணப்படும் நாடு. சிறு துப்பாக்கி பழகுவோர்க்கு இதனினும் வாய்ப்பான திரை கிடைத்திராது. கமக்காரனின் துவக்கோசை, தன் விருப்பமின்றியே, வேறோர் ஓசைக்கு மறைப்பாயிற்று.

1978 ஏப்பிரல் 7ஆம் நாள் மன்னார் மாவட்டத்து முருங்கன் காட்டிலே அத்தகைய முகாமொன்றைத் தேடிச்சென்ற இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளையும் உடன்சென்ற மூவரும் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே அமைப்பைத் தடைசெய்யும் சட்டமும், 1979 யூலையிலே பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தன. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்போனைத் தேடியது. 1979ஆம் ஆண்டின் சட்டம் ஐயத்துக்குரிய எவனையும் பதினெட்டு மாதம் வரை வழக்கின்றி அடைத்துவைக்க இடமளித்தது. ஒருசிலர் காட்டிலே பழகிய பழக்கத்துக்கு, துப்பாக்கியைக் கண்ணாலும் கண்டிராத பல்லாயிரவர் விலை செலுத்தினர்.

அதற்குப்பின் சிறு துப்பாக்கியின் காலம் முடிந்து பீரங்கியின் காலம் வந்தது. அதனை இங்கு விரித்தல் வேண்டா. 1990இல் யாழ்தேவி வவுனியாவுக்கு வடக்கே ஓடாது நின்றது. 1997 மே மாதம் தொடங்கிய ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கையின் முதற் களங்களுள் ஒன்றாக ஓமந்தை அமைந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் இரு ஆட்சிப் பரப்புகளுக்கும் இடையிலான கடவையாக அது விளங்கியது. போர் 2009இல் முடிந்த பின்னரும் அங்கிருந்த சோதனைச் சாவடி 2015 வரை நீடித்தது. 2011 மே மாதத்தில் புகைவண்டி மீண்டும் ஓமந்தை நிலையத்தை அடைந்தது.

நம் ஆய்வுக்கு வேண்டுவது அதற்கு முந்திய, அமைதியாகத் தோன்றிய அந்தச் சில ஆண்டுகள். பூந்தோட்டத்துக்கும் முருங்கனுக்கும் ஒரு மோர்லி இல்லை. துளைபட்ட பலகை எதுவும் நீதிமன்றத்தில் வைக்கப்படவில்லை. இயக்க வரலாறுகளில் உள்ளவை கரடிக்குப்பத்துப் புகழுரைகளின் சாயலுடையவை. பொலிஸ் அறிக்கைகளோ தம் நோக்கிலேயே எழுதப்பட்டவை. காட்டிலே எத்தனை வெடி கேட்டது, எந்தப் பருவத்தில், எந்த நாழிகையில், அவற்றுட் பன்றிக்காவல் எது, அல்லாதது எது என்பதை அறிந்திருந்தவர்கள் அயலிலே கமஞ்செய்தவர்களும், தேன் எடுக்கக் காடேறியவர்களும், மாடு மேய்த்த சிறுவர்களுமே. துவக்கின் ஓசையையும் கைத்துப்பாக்கியின் ஓசையையும் காதாலேயே பிரித்தறியவல்ல அவர்களை இதுவரை எவரும் முறையாக வினாவிப் பதிவுசெய்ததாகத் தெரியவில்லை. அன்று மாடு மேய்த்த சிறுவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.